கண்ணாடியைக் கெடுக்கும் மணற்பரல்

வீட்டிலே கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் பெரும்பாலும் நீரைப் பற்றியே கவலை கொள்வர். உப்பின் அளவு சரியாக உளதா, வெப்பம் ஏறிவிட்டதா, மீன்கள் தீனி தின்கின்றனவா என்று நாள்தோறும் கவனிப்பர். கண்ணாடியின் நினைவு அவர்களுக்கு வருவது அதன்மீது பாசி படர்ந்து, உள்ளே இருப்பது தெரியாமற் போகும்போதுதான். அப்போதும் அதனை ஒரு சில்லறை வேலையாகக் கருதி, கைக்கு அகப்பட்டதைக் கொண்டு தேய்த்துவிட்டுப் போய்விடுவர். நீர் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடியில் விழுந்த கீறலோ அத்தொட்டி உள்ளவரை இருக்கும். உயிர்கள் வாழும் தொட்டியை வெறுமையாக்கிக் கண்ணாடியை மாற்றுவது எளிய காரியமன்று. ஆதலின், ஒரு நிமிட அவசரத்தின் பயனாகப் பல ஆண்டுகளுக்கு அந்தக் கோடுகளினூடாகவே மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

கொழும்பிலே நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் இப்படி நடந்தது. தந்தையார் வேலைக்குச் சென்றிருந்த ஒரு நாள், பன்னிரண்டு வயது மகள் அவரை மகிழ்விக்க எண்ணித் தொட்டியின் கண்ணாடியைத் துப்புரவு செய்தாள். அடுப்படியில் புதிதாக இருந்த, பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துண்டை எடுத்துச் சவர்க்காரம் படாமல் பத்திரமாகவே பயன்படுத்தினாள். பகலில் ஒன்றும் தெரியவில்லை. மாலையில் தொட்டியின் விளக்கை ஏற்றியதும், அவள் கை போய்வந்த வழியெல்லாம் பிறை பிறையாக நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் ஒளிவிட்டன. தந்தையார் ஏசவில்லை. ஆனால் அன்று முதல் அவளைத் தொட்டியைத் தொடவும் விடவில்லை. மகளோ அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

அவர் செய்தது நமக்குச் சரியாகப் படவில்லை. எது கண்ணாடியைக் கீறும், எது கீறாது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பெரியவர்களிலும் பலர் அதை அறியார். விஞ்ஞானம் படிக்கும் ஒரு பிள்ளைக்கு அதை விளக்கக் கால் மணி நேரம் போதும். விளக்கியபின் அவளிடமே வேலையைக் கொடுத்திருக்கலாம்.

ஒரு பொருள் மற்றொரு பொருளைக் கீறுவதற்கு அதனிலும் வன்மை உடையதாக இருத்தல் வேண்டும். ஜெர்மானியரான பிரெடெரிக் மோஸ் என்பார் 1812ஆம் ஆண்டில் கனிப்பொருள்களை இந்த முறையில் 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். மாக்கல் 1, வைரம் 10. நம் விரல் நகத்தின் வன்மை ஏறக்குறைய இரண்டரை. சாதாரணக் கண்ணாடியின் வன்மை ஐந்தரை. உருக்கினாலாய சவர அலகு ஏறக்குறைய அதே நிலையில், அல்லது சிறிதே மேலாக நிற்கும். குவாட்சு எனப்படும் படிகக்கல் 7. அந்தப் பச்சைத் துண்டில் ஒட்டவைத்திருக்கும் பொடி பெரும்பாலும் அலுமினியம் ஒட்சைட்டு. அதன் வன்மை 9. இரத்தினபுரியில் தோண்டி எடுக்கும் நீலக்கல்லும் அதே அலுமினியம் ஒட்சைட்டின் இயற்கை வடிவமே. நீலக்கல் தூளைக் கொண்டு கண்ணாடியைத் தேய்த்தால் என்னவாகும் என்று பிள்ளைகளைக் கேட்டால் அவர்களே விடை சொல்லிவிடுவார்கள்.

இனித் தொட்டியினுள்ளே இருப்பவற்றைப் பார்ப்போம். கடல்நீர்த் தொட்டிகளின் அடியில் இடப்படும் பவளமணல் கல்சியம் காபனேற்றினாலானது. அதன் வன்மை நான்கைத் தாண்டாது. கண்ணாடியில் ஊதா நிறமாகப் பற்றிப் படரும் சுண்ணப்பாசியின் ஓடு ஏறக்குறைய 3. நத்தை ஓடுகளும் சிப்பிகளும் பவளமணலின் இனத்தனவே. இவை யாவும் கண்ணாடியிலும் மென்மையானவை. அங்ஙனமாயின் கண்ணாடியைக் கீறுவது எது? பலரும் பழி சொல்வது சவர அலகைத்தான். நம் கருத்து வேறு. கீறல்களிற் பெரும்பாலானவை அலகினாலன்றி, துடைக்கும் துணிக்கும் கண்ணாடிக்கும் இடையே அகப்பட்ட ஒரே ஒரு மணற்பரலினாலேயே விழுகின்றன. அந்தப் பரல் பவளமணலாக இருந்தால் பிழைத்தோம். குவாட்சாக இருந்தால் அது கண்ணாடியை விட்டுவைக்காது.

நம் நாட்டில் இதற்குத் தனியான காரணமும் உண்டு. விடுமுறைக்குக் கடற்கரை சென்றவர்கள் ஒரு பை மணலைக் கொண்டுவந்து தொட்டியில் இடுவது வழக்கம். வடமராட்சியில் வல்லிபுரம், அம்பன் பக்கத்து வெண்மணல் பார்வைக்குப் பவளமணல் போலவே இருக்கும். ஆயினும் அது கண்ணாடி செய்வதற்கே ஏற்ற சிலிக்கா மணல். நாத்தாண்டியாவின் மணலும் அத்தகையதே. புல்மோட்டைக் கரையின் கருமணலிலோ சேர்க்கன் என்ற கனிப்பொருள் கலந்திருக்கிறது. அதன் வன்மை ஏழரை. கடையில் பவளமணல் என்று விற்பதிலும் இவற்றுள் ஏதேனும் சிறிது கலந்திருக்கக் கூடும்.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மாணவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கும் ஆகும். தொட்டியில் இட எண்ணிய மணலைக் கழுவி உலர்த்தி, கால் தேக்கரண்டி அளவு எடுத்து ஒரு கண்ணாடிக் குவளையில் இட்டு, அது மூழ்க நிறைய வினாகிரி ஊற்றுக. பவளமணலாயின் உடனே குமிழிகள் எழும், அது காபனீரொட்சைட்டு. மறுநாள் வினாகிரியை வடித்துப் புதிதாக ஊற்றுக. இரண்டு மூன்று நாள்களில் பவளமணல் முழுவதும் கரைந்து மறையும். அடியில் ஏதேனும் எஞ்சி நின்றால் அதனைக் கழுவி எடுத்து, வீசுவதற்கு வைத்திருக்கும் பழைய போத்தல் ஒன்றின்மேல் வைத்து, ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். போத்தலில் கோடு விழுந்தால், அந்த மணல் தொட்டிக்கு ஆகாது. உடைந்த கண்ணாடித் துண்டில் இதைச் செய்ய வேண்டாம், கை வெட்டும்.

இனிப் பாசியைப் பற்றிச் சில சொற்கள். புதிய தொட்டியில் முதலில் வருவது கபில நிறமான மெல்லிய படலம். இது தயற்றம் என்ற நுண்ணுயிர்களின் கூட்டம். விரலால் தொட்டாலே அகலும். பின்னர்ப் பசும்படலம் வரும். அதுவும் முதலிரண்டு நாள்களில் மெத்தென்றிருக்கும். ஒரு வாரம் விட்டால் இறுகும். சுண்ணப்பாசி தொடங்கும்போது குண்டூசித் தலையளவு ஊதாப் புள்ளிகளாகவே தோன்றும். அந்நிலையில் ஒரு பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் தட்டி எடுத்துவிடலாம். மாதக்கணக்கில் விட்டால் கண்ணாடியோடு கல்லாக ஒட்டிவிடும். அதன்பின் பலத்தைக் காட்டவேண்டி வரும். பலங்கொண்டு அழுத்தித் தேய்க்கும்போது இடையில் மணற்பரல் அகப்பட்டால் விழுங் கீறலும் அதற்கேற்ற ஆழமுடையதாயிருக்கும். ஞாயிறுதோறும் அரைமணி நேரம் வியர்க்க வியர்க்கத் தேய்ப்பதைக் காட்டிலும், ஒன்றுவிட்டொரு நாள் இரண்டு நிமிடம் மெல்லத் துடைப்பது கண்ணாடிக்கு எவ்வளவோ மேல்.

நத்தைகளும் இவ்வேலையில் துணை செய்யும். இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் 1853ஆம் ஆண்டு மக்கள் பார்வைக்கு மீன்தொட்டிகள் திறக்கப்பட்டன. அதற்கு உழைத்தவர்களுள் ஒருவர் பிலிப் ஹென்றி கோஸ் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர். கடல் நத்தை தொட்டிக் கண்ணாடியில் ஊர்ந்தவாறே தன் நாவினால் பாசியை மேய்ந்து செல்வதை உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்து அவர் எழுதியிருக்கிறார். புல் வெட்டுபவன் அரிவாள் வீசிச் செல்வது போன்றது அந்த நாவின் அசைவு. எனினும் நத்தையிடமே எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட இயலாது. அது தன் விருப்பப்படி மேயும். நாம் பார்க்கும் முகப்பை விட்டுவிட்டுப் பின்புறத்தில் போய் ஒட்டிக்கொள்வது அதன் வழக்கம்.

கடைகளில் விற்கும் காந்தத் துடைப்பான் வசதியானது. ஒரு துண்டு உள்ளே, மற்றது வெளியே. வெளியே உள்ளதை நகர்த்தினால் உள்ளே உள்ளது பின்தொடரும். கை நனையாது, பிள்ளைகளும் விரும்புவர். ஆனால் மணற்பரலை இறுகப் பிடித்து அழுத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை! தடித்த கண்ணாடிக்கென்று வலிமை மிக்க காந்தம் வாங்கினால் அழுத்தமும் மிகும். எனவே சில பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். உள்துண்டை வேலை முடிந்ததும் தொட்டியிலேயே விட்டுவைத்தல் கூடாது. அடிமணலை வாயில் அள்ளிச் சலித்து உமிழும் உழுவை மீன்கள் சிலரிடம் உண்டு. அவை உமிழும் மணல் எங்கும் படியும், துடைப்பானின் மேலும் படியும். ஆதலால் ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்துக் குழாய்நீரில் அலசி, அதன் முகத்தை விரல்நுனியால் தடவிப் பார்த்தபின்னரே உள்ளே இடுக. விரலுக்கு ஏதேனும் நறநறவென்று பட்டால் மறுபடியும் அலசுக. துடைக்கும்போது நடுவில் ஒரு நறநறப்புக் கேட்டாலோ கைக்குத் தெரிந்தாலோ அந்தக் கணமே நிறுத்துக. இன்னும் ஒரு தேய்ப்புத்தானே என்ற எண்ணத்தில்தான் நீண்ட கீறல்கள் விழுகின்றன. கை தவறி மணலில் விழுந்த துடைப்பானை அலசாமல் மீண்டும் கண்ணாடியில் ஒட்டவே கூடாது. பிளாஸ்டிக் உறையில் வெடிப்புக் கண்டால் அந்தத் துடைப்பானை வீசிவிடுக. உப்புநீர் புகுந்து உள்ளிருக்கும் காந்தம் கறள் பிடிக்கும்.

அடிமணலுக்கு மேல் 2 அங்குலம் வரை காந்தத்தைக் கொண்டு செல்லாதிருப்பது நல்லது. அந்த ஓரப்பகுதியைத் துடைக்க வேண்டுமாயின், முதலில் ஒரு பிளாஸ்டிக் கரண்டியால் மணலைக் கண்ணாடியினின்று மெல்லத் தள்ளி ஒதுக்குக. எழுந்த தூள் அடங்கும்வரை காத்திருக்க. பின்னர்க் காலங்கடந்த வங்கி அட்டையோ அதுபோன்ற வேறு மெல்லிய அட்டையோ கொண்டு கீழிருந்து மேலாகச் சுரண்டுக. மேலிருந்து கீழாகச் சுரண்டினால் அட்டை ஒவ்வொரு முறையும் மணலில் போய்க் குத்தும். எப்போதும் மேற்பகுதியை முதலில் முடித்து, ஓரத்தைக் கடைசியாகச் செய்க. ஓரத்தில் ஓடிய துணியை அலசாமல் மேலே கொண்டுவருதல் கூடாது. அமாவாசை இருட்டில் மஞ்சள் விளக்கைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்யாமல், பகல் வெளிச்சத்திலே செய்ய வேண்டும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் செய்பவர்களையே நாம் அதிகம் கண்டிருக்கிறோம்.

துணி எதுவாயினும் தொட்டிக்கென்றே தனியாக வைத்திருத்தல் வேண்டும். சவர்க்காரம் கண்ட துணி மீன்களுக்கு ஆகாது. பழைய துவாய்த் துண்டு நல்லது. தேங்காய்த் தும்பு மென்மையானதுதான். ஆனால் அதன் இழைகளிடையே மணல் ஒளிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. சாம்பலும் செங்கற்பொடியும் பித்தளைக் குத்துவிளக்குக்கே உரியவை. செப்புக் கம்பிச் சுருளைக் கொண்டு தேய்ப்பவர் கண்ணாடியைக் கெடுப்பதோடு நில்லார். செம்பு சிறிதளவு கரைந்தாலும் நத்தைகளும் இறால்களும் மாளும்.

சவர அலகைப் பழியினின்று ஓரளவு விடுவித்தோம். எனினும் அதற்கும் விதிகள் உண்டு. கண்ணாடித் தொட்டிக்கு மட்டுமே அலகு உதவும். புதிய அலகாக இருக்க வேண்டும். பிடி உள்ளதாகவும் இருக்க வேண்டும். அதன் விளிம்பு முழுவதும் கண்ணாடியில் படியும்படி தாழச் சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில் தள்ளுக. ஒரு பக்கம் உயர்ந்தால் அலகின் மூலை உழுதுவிடும். உப்புநீரில் நனைந்த அலகு மறுநாளே கறள் பிடித்துவிடும். கறள் ஏறிய விளிம்பு வாள்போல் பல்லுப் பல்லாகிவிடுவதால் அதனை மறுமுறை பயன்படுத்தலாகாது. எல்லாவற்றிலும் முக்கியமானது மூலைகளைப் பற்றியது. கண்ணாடிகளைச் சேர்த்து நிற்கும் சிலிக்கோன் பசையை அலகு தொட்டால் அது வெண்ணெய்போல் வெட்டுண்ணும். கீறல் கண்ணுக்கு மட்டுமே துன்பம் தரும். வெட்டுண்ட பசையோ ஒரு நாள் வீடெங்கும் உப்புநீரை ஓடவிடும். மூலைகளுக்கு அட்டையே போதும். அலகைப் பெரியவர்களே கையாளுக.

பேர்ஸ்பெக்ஸ் என்று பெயர் வழங்கும் அக்கிரிலிக் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதுவரை சொன்ன ஆறுதல்களுட் பல பொருந்தா. அக்கிரிலிக்கின் வன்மை மூன்றையும் தாண்டாது. எனவே பவளமணலும் அதனைக் கீறும்; அலகும் கீறும்; பிளாஸ்டிக் அட்டையின் முரட்டு விளிம்பும் சில வேளைகளிற் கீறும். உடலெங்கும் முட்கள் நிறைந்த கடல் முள்ளெலியை அதில் வளர்த்தால், சுண்ணப்பாசியைச் சுரண்டித் தின்னும் அதன் ஐந்து பற்களின் தடங்கள் தொட்டியிலே நட்சத்திர வடிவிற் பதியும். ஆயினும் அக்கிரிலிக்கில் விழுந்த கோட்டை மிக நுண்ணிய உரைதாள்களால் படிப்படியாகத் தேய்த்து மெருகேற்றிவிடலாம். கண்ணாடியில் அவ்வளவு எளிதன்று. யப்பானின் ஒக்கினாவாத் தீவில் 2002இல் திறக்கப்பட்ட சுராவுமி கடலுயிர்க் காட்சிச்சாலையின் பெருந்தொட்டிக்கு 22.5 மீற்றர் நீளமும் 8.2 மீற்றர் உயரமும் உள்ள சாளரம் உண்டு, அதுவும் அக்கிரிலிக்கே. கனம் மட்டும் 60 சென்ரிமீற்றர். அத்தகைய தொட்டிகளில் முக்குளிப்போர் உள்ளே இறங்கி மென்துணியால் துடைக்கின்றனர். வீட்டு அக்கிரிலிக் தொட்டிக்கும் மென்துணியைத் தவிர வேறொன்றும் வேண்டா.

உட்புறத்தைக் காப்பவர்களும் வெளிப்புறத்தை மறந்துவிடுகிறார்கள். காற்றுக் குமிழிகள் உடைந்து தெறிக்கும் நீர் வெளியே வழிந்து உலர்ந்து வெண்ணிற உப்பாகப் படிகிறது. உப்பு மென்மையானது, கண்ணாடியைக் கீறாது. ஆனால் தெருப்புழுதி அதில் ஒட்டிக்கொள்கிறது. புழுதியில் குவாட்சு உண்டு. உலர்ந்த துணியால் அதைத் தேய்ப்பவர் தம்மையறியாமலே உரைதாளால் தேய்க்கிறார். முதலில் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒற்றி ஒற்றி உப்பைக் கரையவிட்டு, பிறகு வேறொரு சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். வெளிப்புறக் கீறல் உட்புறக் கீறலைவிடக் கூடுதலாகப் பளிச்சிடும். இதற்குக் காரணம் ஒளிமுறிவு. கண்ணாடியின் முறிவுக் குணகம் 1.52, கடல்நீரினது 1.34, காற்றினது 1. உட்புறக் கீறலில் நீர் நிரம்புவதால் வேறுபாடு குறைந்து கோடு ஓரளவு மங்குகிறது. வெளிப்புறக் கீறலில் காற்றே நிற்பதால் ஒளி சிதறி மின்னுகிறது.

கீறல் விழுந்துவிட்டால் என் செய்வது? நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் சிக்கவில்லையாயின் மனத்தைத் தேற்றிக்கொண்டு விட்டுவிடுவதே நம் ஆலோசனை. சீரியம் ஒட்சைட்டுப் பொடியை நீரிற் குழைத்துத் தேய்த்து நீக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்குத் தொட்டி வெறுமையாக இருக்க வேண்டும். நீண்ட நேரம் பொறுமையாக உழைக்க வேண்டும். ஓரிடத்தில் மிகுதியாகத் தேய்த்தால் அவ்விடம் குழிந்து, பின்னால் நீந்தும் மீன் நெளிந்து தோன்றும். மெல்லிய கோட்டைவிட அந்த நெளிவு கண்ணை அதிகம் உறுத்தும்.

நகம் சிக்கும் ஆழமான கீறலாயின் அழகைத் தவிர வேறொன்றையும் எண்ண வேண்டும். கண்ணாடி வெட்டுபவர் தகட்டை முழுவதும் அறுப்பதில்லை. மேலே ஒரு கோடு கீறிவிட்டு வளைக்கிறார், அது கோட்டின் வழியே பிளக்கிறது. கண்ணாடியின் உடைவு இத்தகைய சிறு குறைகளிலிருந்தே தொடங்குகிறது என்பதை 1920இல் கிரிபித் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் விளக்கினார். 1 மீற்றர் நீளமும் அரை மீற்றர் உயரமும் உள்ள முகப்புக் கண்ணாடியைத் தொட்டி நிறைந்த கடல்நீர் தள்ளும் விசை ஏறக்குறைய 128 கிலோகிராம் எடைக்குச் சமம். அத்தள்ளலால் கண்ணாடி வெளிப்பக்கமாகச் சற்றே வளைந்து, நடுப்பகுதியில் வெளிமுகம் இழுபடுகிறது, உள்முகம் அழுந்துகிறது. ஆகையால் நடுவே உட்புறம் விழுந்த மெல்லிய கோடுகளுக்காக யாரும் உறக்கம் இழக்க வேண்டியதில்லை. வெளிமுகத்திலோ, அடி விளிம்பை ஒட்டியோ நகம் சிக்கும் கீறல் இருந்தால் மட்டும், தொட்டி செய்பவர் ஒருவரை அழைத்துக் காட்டுவது நல்லது.

பழைய தொட்டி வாங்க எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க. நீர் நிரப்பிக் காட்டும் தொட்டியில் உட்கீறல்கள் மங்கித் தோன்றும் என்று மேலே சொன்னோம். ஆகவே வெறுமையாக, உலர்ந்த நிலையிலேயே பார்க்கக் கேளுங்கள். அறையை இருட்டாக்கி, சிறு மின்சூளின் ஒளியைக் கண்ணாடியை ஒட்டிச் சாய்வாக ஓடவிட்டுப் பாருங்கள். முதலில் அடிமணல் இருந்த மட்டத்திற்கு மேலே உள்ள இரண்டு அங்குலத்தைப் பாருங்கள். முன்பு வைத்திருந்தவரின் கைப்பழக்கம் அங்கே எழுதியிருக்கும். சுண்ணப்பாசி ஒட்டியிருந்தால் அதற்காக விலை பேசலாமே தவிர வேண்டாமென்று விடத் தேவையில்லை. வினாகிரியில் நனைத்த துணியை அதன்மேல் சில மணி நேரம் போர்த்திவைத்தால் கல் இளகிவிடும். பின்னர் நன்றாகக் கழுவி உலர்த்திக்கொள்ளலாம்.